கண்மாயைச் சுற்றிய மணி

நெல்லிவயல் சாவடி வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. அதை அடித்தால் ஊருக்குள் குரங்கு வந்துவிட்டது என்று பொருள். நான்கு நாட்களாக அது நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கணகணத்துக்கொண்டிருந்தது. முதல் மணிக்குப் பிறகு குரங்கு ஒன்றுகூட வரவில்லை.

காப்புப் படைத் தளபதி மலையாண்டி மரத்தடியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். பதினெட்டு வருடம் ராணுவத்தில் இருந்து, ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவர். ஜபல்பூரில் ஒரு சப்ளை டிப்போவில் பருப்பு மூட்டை எண்ணியதுதான் அவர் பார்த்த யுத்தம் என்பது ஊருக்குத் தெரியாது. அவராகச் சொன்னதும் இல்லை.

“இன்னும் ரெண்டு நிமிசம்” என்றார்.

“குரங்கு கடியாரம் பார்த்தா வருது?” என்று கேட்டாள் பொன்னுத்தாயி. தண்டவாளத்தை அடிக்கும் வேலை அவளுடையது. சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

சரியாக இரண்டு நிமிடத்தில் வாகைப்பட்டிப் பக்கமிருந்து கணகணவென்று சத்தம் வந்தது. பொன்னுத்தாயி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து, ஊர் மாடிகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து அடித்தாள். எட்டு ஆட்கள் கம்பைத் தூக்கிக்கொண்டு வாகைப்பட்டியை நோக்கி ஓடினார்கள். முதல் நாள் ஓடியபோது இருந்த வேகம் இப்போது இல்லை. ஒருவர் வெற்றிலை மென்றுகொண்டே ஓடினார்.

இந்த ஏற்பாடு எப்படி உண்டானது என்று தெரிந்தால்தான், அது எப்படிக் கெட்டது என்பதும் புரியும்.

போன வருடம், அதாவது 1971 ஆகஸ்டில், இந்தியாவும் ரஷ்யாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஒருவரை யாராவது தாக்கினால் இருவரும் உடனே கலந்து பேசுவார்கள் என்பது அதில் ஒரு ஷரத்து. நெல்லிவயல் தலைவர் வயிரவன் செட்டியார் அதைப் பத்திரிகையில் படித்தபோது, அவர் வீட்டு மொட்டைமாடியில் ஏழு குரங்குகள் உட்கார்ந்து கூழ்வற்றல் தின்றுகொண்டிருந்தன. இரண்டு விஷயமும் அவர் மனதில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. அடுத்த வாரமே நெல்லிவயல், செம்பூரணி, ஆவிச்சிக்குடி என்ற மூன்று ஊரும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டன. ஓர் ஊருக்குள் குரங்கு புகுந்தால் மூன்று ஊருக்குள்ளும் புகுந்ததாகவே கருதப்படும்.

மூன்று ஊரும் பெரிய கண்மாயின் தென்கரையில் கிழக்கு மேற்காக வரிசையாக இருந்தன. குரங்குகள் கிழக்கே இருக்கும் குன்றிலிருந்து வருபவை. ஆகையால் முதலில் நெல்லிவயலுக்குத்தான் வரும். மலையாண்டி எளிமையாக ஒரு விதி எழுதினார்: உனக்குக் கிழக்கே உள்ள ஊரின் மணி கேட்டால், முதலில் உன் ஊர் மாடிகளை ஒருமுறை பார், பிறகு உன் மணியை அடி, பிறகு மணி கேட்ட ஊருக்கு ஓடு. நெல்லிவயல் அடித்தால் செம்பூரணி அடிக்கும். செம்பூரணி அடித்தால் ஆவிச்சிக்குடி அடிக்கும். ஆவிச்சிக்குடிக்கு அப்பால் ஊரே கிடையாது. சத்தம் பொட்டலில் போய் முடிந்துவிடும். எட்டு மாதம் இது எண்ணெய் போட்ட கீல் மாதிரி வேலை செய்தது. வற்றல் பிழைத்தது.

புகழ் வடகரைக்குப் போயிற்று. பனங்கோட்டையும் வாகைப்பட்டியும் தங்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டன. பங்குனி மாதம் ஐந்து ஊர்த் தலைவர்களும் செட்டியார் வீட்டு முகப்பில் கூடினார்கள். வரிசை ஆவிச்சிக்குடியிலிருந்து கண்மாயைச் சுற்றி வடகரைக்குத் திரும்பி, பனங்கோட்டை வழியாக வாகைப்பட்டியில் முடிவதாக மலையாண்டி படம் போட்டுக் காட்டினார்.

வாகைப்பட்டித் தலைவர் குழந்தைவேலு படத்தைப் பார்த்தார். காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“எங்க மணியை யாரு கேப்பாக?”

“யாரும் கேக்க வேண்டியதில்ல. நீங்கதான் கடைசி.”

“கடைசியா? நாங்க என்ன கடைசிப் பந்தியா? எல்லாரு மணியையும் நாங்க கேக்கணும், எங்க மணியை நாயிகூடக் கேக்காது. அப்படித்தான?”

பனங்கோட்டைக்காரர் உடனே தாமும் கடைசியாக இருக்க முடியாது என்று சொல்லிவைத்தார். அவரை யாரும் கடைசியாக இருக்கச் சொல்லவில்லை. இருந்தாலும் முன்ஜாக்கிரதை. இந்தப் பக்கத்தில் தேர் வடம் பிடிப்பதிலிருந்து பந்தியில் இலை போடுவது வரை முதல் யார், கடைசி யார் என்பதற்காகக் கோர்ட்டுக்குப் போன ஊர்கள் உண்டு. பேச்சு முற்றும்போல இருந்தது. மலையாண்டிக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. பென்சிலை எடுத்து, வாகைப்பட்டியிலிருந்து நெல்லிவயலுக்கு ஒரு கோடு போட்டார்.

“வாகைப்பட்டி மணியை நாங்க கேக்கிறோம். இப்ப இது வட்டம். வட்டத்துல முதலும் இல்ல, கடைசியும் இல்ல.”

எல்லோரும் கை தட்டினார்கள். செட்டியார் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். அந்தக் கோடுதான் வினை.

அதன் பிறகு முதல் தடவையாக ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று குரங்குகள் நெல்லிவயலுக்கு வந்தன. பொன்னுத்தாயி அடித்தாள். குரங்குகள் பத்து நிமிடத்தில் போய்விட்டன. மணி போகவில்லை. செம்பூரணி, ஆவிச்சிக்குடி, பனங்கோட்டை, வாகைப்பட்டி என்று, மாடி பார்க்கும் நேரத்தோடு ஊருக்கு எட்டு நிமிடமாகக் கண்மாயைச் சுற்றிக்கொண்டு நெல்லிவயலுக்கே வந்து நின்றது. வாகைப்பட்டியில் குரங்கு என்று நினைத்துப் பொன்னுத்தாயி மறுபடி அடித்தாள். அது மறுபடி புறப்பட்டது.

ஆட்களின் கதை இதைவிட மோசம். மணி கேட்ட ஊருக்கு ஓட வேண்டும் என்பது விதி. நெல்லிவயல் ஆட்கள் வாகைப்பட்டிக்கு ஓடினால், வாகைப்பட்டி ஆட்கள் பனங்கோட்டைக்கு ஓடியிருப்பார்கள். பனங்கோட்டை ஆட்கள் ஆவிச்சிக்குடியில் நிற்பார்கள். எந்த ஊரிலும் அந்த ஊர்ப் படை இல்லை. எல்லா ஊரிலும் அடுத்த ஊர்ப் படை இருந்தது. உதவிக்கு வந்த படைக்கு மோரும் பலகாரமும் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்ததால், ஐந்து ஊர்ப் பெண்களும் நாள் முழுக்க அடுப்படியில் கிடந்தார்கள்.

இரவில் குரங்கு தூங்கும், ஆகவே மணி கிடையாது. அப்படியாவது அது ஓய்ந்திருக்க வேண்டும். ஆனால் ஐந்து ஊர் மன்றத்துக்கும் தலைவரான வயிரவன் செட்டியார் ஒரு ஷரத்து சேர்த்திருந்தார்: மாலை ஆறு மணிக்கு முடியாத விஷயம் ஒத்திவைக்கப்பட்டு, மறுநாள் காலை ஆறு மணிக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். சட்டசபையில் அப்படித்தானாம்.

மணி வட்டமாகச் சுற்றுகிறது என்பதை மலையாண்டி செவ்வாய்க்கிழமையே கண்டுபிடித்துவிட்டார். மூன்று நாளும் நெல்லிவயலில் மணி அடித்த நேரத்தை நோட்டில் குறித்து வைத்திருந்தார். எல்லாமே நாற்பது நிமிட இடைவெளி. ஐந்து ஊர், ஊருக்கு எட்டு நிமிடம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடப் பெருக்கிச் சொல்லிவிடும்.

அவரால் விடுவிக்க முடியாத முடிச்சு வேறு. வாகைப்பட்டியிலிருந்து ஒரு மணிச்சத்தம் வருகிறது. அது நாம் அடித்த பழைய மணி சுற்றி வந்ததா, அல்லது வாகைப்பட்டியில் புதிதாக வந்த குரங்கா? இரண்டும் ஒரே கணகணதான். காதுக்கு வித்தியாசம் தெரியாது. அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். அடிக்காமல் விட்டால் உண்மையான குரங்கை விட்டுவிடுவோம்.

புதன்கிழமை காலை அவர் துணிந்தார்.

“இந்தத் தடவை அடிக்காத” என்றார் பொன்னுத்தாயியிடம்.

“கேட்டும் அடிக்காத ஊரு துரோகின்னு நீங்கதான எழுதி வச்சீக?”

“நான் தளபதி சொல்றேன்.”

“எழுதினதும் நீங்க, மாத்துறதும் நீங்க. எனக்கென்ன, கை வலி மிச்சம்.”

அவள் அடிக்கவில்லை. அரை மணி நேரம் கண்மாய் முழுவதும் அமைதியாக இருந்தது. நாரை கத்துவது கேட்டது. மலையாண்டி வேப்பமரத்தில் சாய்ந்து கண்ணை மூடினார். அப்போது வாகைப்பட்டியிலிருந்து மறுபடி மணி வந்தது.

“எவனோ தூக்கத்துல அடிக்கிறான். விடு” என்றார்.

அது தூக்கமல்ல. பதினோரு குரங்குகள். இரண்டு பேரும் மரத்தடியை விட்டு எழுவதற்குள் குழந்தைவேலு சைக்கிளில் வந்து சேர்ந்தார். கையில் கிழிந்த வேட்டி ஒன்று இருந்தது. வற்றல் காயப்போட்ட வேட்டி. அதில் ஒரு வற்றல்கூட இல்லை.

“எட்டுப் படி அரிசி வத்தலு” என்றார். “எங்க ஆளுக பனங்கோட்டையில மோர் குடிச்சிக்கிட்டு இருக்காக. நாலு நாளா இல்லாத குரங்குக்கெல்லாம் ஓடி வந்தீக. இருக்கிற குரங்குக்கு வரல. நல்ல கூட்டணி.”

பொன்னுத்தாயி யாரும் சொல்லாமலே எழுந்து போய் மணியை அடித்தாள். நான்கு நாள் பாவத்தையும் கழுவுவதுபோல அடித்தாள். மணி மறுபடி கண்மாயைச் சுற்றப் புறப்பட்டது.

மதியம் செட்டியார் ஆள் அனுப்பினார்.

வயிரவன் செட்டியார் முகப்பில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சட்டம் போட்ட வட்டப் படம். அவருக்கு வற்றல் போனதில் வருத்தம் இல்லை. வேறொன்றில்தான் வருத்தம்.

“மணியை நிறுத்தச் சொன்னது யாரு?”

“நாந்தான் செட்டியாரே.”

“மன்றத்தைக் கேட்டீகளா?”

“எப்படிக் கேக்கிறது? நிறுத்தணும்னா அஞ்சு தலைவரும் கூடிக் கையெழுத்துப் போடணும். மணி அடிக்கிற வரைக்கும் தலைவர் ஊரை விட்டு நகரக் கூடாது, காலையில குழந்தைவேலு வந்ததுகூட மீறல்தான். ரெண்டும் உங்க ஷரத்துதான்.”

செட்டியார் இதை ஒரு கணம் யோசித்தார். தம் ஷரத்து இரண்டும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை.

“அவில்தாரே, நான் ரங்கூன்ல இருந்தவன். ஒரு நாள் காலையில எந்திரிச்சா, ரேடியோவுல பட்டாளத்துக்காரரு பேசினாரு. ஒழுங்கு இல்ல, நாங்க கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கிறோம்னு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. அந்தக் கொஞ்ச நாளு பத்து வருசமாச்சு, இன்னும் முடியல. எங்க கடை போச்சு, வீடு போச்சு. நான் குடையோட கப்பலேறி வந்தேன். இன்னைக்குப் படை தன் இஷ்டத்துக்கு மணியை நிறுத்தினா, நாளைக்குத் தன் இஷ்டத்துக்கு என்னைய நிறுத்தும்.”

“எட்டுப் பேரு கம்பை வச்சிக்கிட்டு உங்களை என்ன செய்யப் போறாக?”

“அஞ்சு ஊருக்கு நாப்பது பேரு. எனக்கு எண்ணத் தெரியும்.”

மலையாண்டி கேட்டதும் நியாயம், செட்டியார் சொன்னதும் நியாயம். குரங்கைப் பார்த்தவன் உடனே அடிக்க வேண்டும், அதற்குத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்க முடியாது. அதே சமயம், அடித்ததை எப்போது முடிப்பது என்பதைக் கம்பு வைத்திருப்பவனிடம் விடவும் முடியாது. இது ஜபல்பூரிலும் இருந்த சிக்கல்தான். அங்கே அதற்கு மூன்று பிரதியில் ஒரு படிவம் உண்டு.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன்” என்றார் செட்டியார். “மணி ஓயணும், துரோகமும் ஆகக் கூடாது. வட்டத்தையும் அறுக்கக் கூடாது, அறுத்தா எவனாச்சும் கடைசியாயிருவான். இல்லாட்டி படையைக் கலைச்சிருவோம். தண்டவாளத்தை எல்லாம் நம்ம வீட்டு அறையில போட்டுப் பூட்டிருவோம்.”

உள்ளேயிருந்து செட்டியாரின் மனைவி நீலாயதாட்சி ஆச்சி சொன்னார்: “அந்த அறையில ஊறுகாய் ஜாடி இருக்கு.”

“வேற அறையில போட்டுப் பூட்டிருவோம்” என்றார் செட்டியார்.

மலையாண்டி வீட்டுக்கு நடந்தார். சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு மில்லில் காவல் வேலை, திங்கட்கிழமை வந்து சேரவும் என்று டிப்போ நண்பர் எழுதியிருந்தார். பென்ஷன் மட்டும் போதாது என்பது வீட்டில் இருவருக்கும் தெரியும். படைத் தளபதிக்கு ஐந்து ஊரும் சேர்ந்து கொடுக்கும் நெல் அந்தக் குறையை நிரப்பியது. படை இல்லை என்றால் நெல் இல்லை, நெல் இல்லை என்றால் கோயம்புத்தூர். பதினெட்டு வருடத்தில் இருபது மாதம் மட்டும் மனைவியோடு இருந்தவர் அவர். விடுமுறைக்கணக்கு நோட்டில் அதையும் கூட்டி வைத்திருந்தார். மனைவி அழகி கடிதத்தை ஒருமுறை படித்தாள். அவருடைய டிரங்குப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்துவிட்டு, மறுபடி பரணிலேயே ஏற்றி வைத்தாள். இரண்டு தடவை அப்படிச் செய்தாள்.

வியாழக்கிழமை காலை மணி அடித்தது. மலையாண்டியும் தம் ஆட்களோடு வாகைப்பட்டிக்கு ஓடினார். வழக்கம்போலக் குரங்கு இல்லை. வழக்கம்போல மோர் இருந்தது. புறப்படும்போது ஒரு பெண் எவர்சில்வர் தூக்கு நிறையத் தேன்குழல் போட்டுக் கொடுத்தாள்.

அதை அவர் வீட்டில் கொண்டுவந்து வைத்தார். அழகி தூக்கைப் பார்த்தாள். மூடியைத் திறக்காமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“இது எங்குட்டிருந்து வந்துச்சு?”

“வாகைப்பட்டியில குடுத்தாக. நல்லா மொறுமொறுன்னு இருக்கு, தின்னு பாரு.”

“பலகாரத்தை விடுங்க. தூக்கு யாரோடது?”

“அவுக தூக்குதான்.”

“வாகைப்பட்டிக்காரவுக தூக்குல எம்பேரு எதுக்கு வெட்டியிருக்கு?”

அழகி தூக்கைத் தலைக்கு மேலே தூக்கி அடியைக் காட்டினாள். புள்ளி புள்ளியாக உளி அடித்து வெட்டியிருந்தது: மலை. அழகி, நெல்லி. செட்டியார் வீடானாலும் குடியானவர் வீடானாலும், இந்தச் சீமையில் பெயர் வெட்டாமல் ஒரு கரண்டிகூட வீட்டுக்குள் வராது.

“ஞாயித்துக்கிழமை செம்பூரணி ஆளுகளுக்குச் சீடை போட்டுக் குடுத்தேன். தின்னுட்டு இங்கனயே வச்சிட்டுப் போயிருப்பாகன்னு நாலு நாளாத் தேடுறேன். பொன்னுத்தாயிதான் எடுத்துட்டான்னு நெனச்சு அவகிட்ட முகங்குடுத்துப் பேசல.”

“செம்பூரணிக்குக் குடுத்தது வாகைப்பட்டியிலருந்து எப்படி வரும்?”

“வெறும் பாத்திரத்தைத் திருப்பக் கூடாதுல்ல. செம்பூரணியில எதையாச்சும் போட்டிருப்பாக. அந்நேரம் ஆவிச்சிக்குடி ஆளுக வந்து நின்னிருப்பாக. கைக்குக் கெடச்ச தூக்கைத் தூக்கிக் குடுத்திருப்பாக. அவுக பனங்கோட்டைக்கு, அவுக வாகைப்பட்டிக்கு. ஊரைச் சுத்திட்டு வந்திருக்கு கழுதை.”

வழியெல்லாம் தின்றுகொண்டே வந்த தேன்குழலை மெல்லுவதை மலையாண்டி நிறுத்தினார்.

“அழகி, இதுல பேரு இல்லாட்டி என்ன செஞ்சிருப்ப?”

“வாகைப்பட்டித் தூக்குன்னு நெனச்சு, ரெண்டு முறுக்கைப் போட்டு அடுத்து வர்ற செம்பூரணிக்காரவுக கையில குடுத்துவிட்டிருப்பேன்.”

“அது மறுபடி சுத்தியிருக்கும்.”

“சுத்தட்டும். எனக்குத் தெரியாதுல்ல.”

“இப்பப் பேரு இருக்கு. இப்ப என்ன செய்வ?”

“இது என்ன கேள்வி? உள்ள எடுத்து வச்சிருவேன். எந்தூக்கு எங்கிட்ட வந்துருச்சு. இனி அதை எதுக்குச் சுத்துக்கு விடணும்?”

“வேறவுக பேரு வெட்டியிருந்தா?”

“அவுக கைக்குப் போய்ச் சேரட்டும்னு அனுப்பிருவேன். அடுத்தவுக சாமானை நான் எதுக்கு வச்சிக்கிறேன்? உங்களுக்கு வெயிலு ஏறிப்போச்சா?”

மலையாண்டி தூக்கை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு செட்டியார் வீட்டுக்கு ஓடினார். தேன்குழலோடு. ஐந்து நாளில் அவர் ஓடிய ஓட்டங்களில் சேரவேண்டிய இடத்துக்குப் போனது அது ஒன்றுதான்.

செட்டியாருக்கு விஷயத்தைச் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. அதில் ஒரு முறை மணி குறுக்கிட்டது. மலையாண்டி தூக்கைத் தரையில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு விளக்கினார். மணிச்சத்தத்துக்கு அடி கிடையாது, உளி வைத்துப் பெயர் வெட்ட முடியாது. ஆனால் எண்ணிக்கை வைக்கலாம். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண்ணிக்கை. கணகணவென்று அடிக்காமல், எந்த ஊரில் குரங்கு வந்ததோ அந்த ஊரின் எண்ணிக்கைப்படி இடைவெளி விட்டு அடிக்க வேண்டும். அடுத்த ஊர் தன் எண்ணிக்கையை அடிக்காமல், கேட்ட எண்ணிக்கையையே அடிக்க வேண்டும். அந்த எண்ணிக்கை சுற்றிக்கொண்டு சொந்த ஊருக்கு வந்ததும், அந்த ஊர் அதை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும், தூக்கை வைப்பதுபோல.

“ரெண்டு ஊருக்கு ஒரே நேரத்துல குரங்கு வந்தா?”

“ரெண்டு தூக்குச் சுத்தும். அதது அதது வீட்டுல நிக்கும்.”

“ஆளுக எங்குட்டு ஓடுறது?”

“எண்ணிக்கை எந்த ஊரோ அந்த ஊருக்கு. எல்லாரும் ஒரே ஊருக்குத்தான் ஓடுவாக.”

செட்டியார் எழுந்து நடந்தார். அவருக்குப் பிடித்திருந்தது என்பது நடையில் தெரிந்தது. உட்கார்ந்தார்.

“இன்னொன்னும் இருக்கே” என்றார் மெதுவாக. “நம்ம மணி நம்மகிட்டத் திரும்பி வந்துச்சுன்னா, நாலு ஊரும் கேட்டுருச்சுன்னு அர்த்தம். ஒரு ஊருக்காரன் தூங்கியிருந்தாலும் அது வராது.”

மலையாண்டி இதை யோசித்திருக்கவில்லை. யோசித்திருந்ததுபோலத் தலையாட்டினார்.

“அப்ப நான் ஒரு திருத்தம் சொல்றேன். மணியைத் தொடங்குறது படை. குரங்கைப் பாத்தவன் யாரையும் கேக்காம அடிக்கலாம். அது திரும்பி வந்ததும் படைக்கு அதுல வேலையில்ல. ‘முடிஞ்சுது, வீட்டுக்குப் போங்க’ன்னு சொல்ல வேண்டியது அந்த ஊருத் தலைவரு. கம்பு இல்லாதவரு.”

“சரி செட்டியாரே.”

“தலைவர் சொன்னா, படை போகணும்.”

“போயிருவோம். காலு வலிக்குது.”

இனி எண்களைப் பிரிக்க வேண்டும். ஒன்று என்ற எண்ணை எல்லா ஊரும் தனக்கே வேண்டும் என்று கேட்கும், ஐந்து என்ற எண்ணை எந்த ஊரும் வாங்காது. இதைச் செட்டியாரே தீர்த்தார். ஒன்று என்ற எண்ணையே எடுத்துவிட்டார். இரண்டு முதல் ஆறு வரை சீட்டெழுதி, ஆச்சியைக் குலுக்கி எடுக்கச் சொன்னார். நெல்லிவயலுக்கு நான்கு விழுந்தது. வாகைப்பட்டிக்கு ஆறு. குழந்தைவேலு கோபித்துக்கொள்வாரே என்று மலையாண்டி பயந்தார்.

“உங்க ஊரு மணிதான் ரொம்ப நேரம் கேக்கும்னு அவருகிட்டச் சொல்லுங்க” என்றார் செட்டியார். “மிச்சத்தை அவரே சொல்லிக்குவாரு.”

தலைவர்கள் கூட முடியாதாகையால் தீர்மானத்தை மலையாண்டி சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோனார். கையெழுத்தில் முதலும் கடைசியும் வராதபடி, ஆச்சியின் தாம்பாளத்தைக் காகிதத்தில் கவிழ்த்து ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றி ஐந்து பேரும் கையெழுத்திட்டார்கள். குழந்தைவேலு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு விதமாகப் பிடித்தால் தம் பெயர் மேலே வருவதைக் கண்டு திருப்தி அடைந்தார். எண்ணிக்கை இல்லாத மணி இனிமேல் செல்லாது என்பது கடைசி வரி. அதனால், வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆவிச்சிக்குடியில் ஒத்திவைக்கப்பட்ட பழைய கணகண, வெள்ளிக்கிழமை காலையில் அங்கேயே பெயரில்லாமல் செத்துப்போயிற்று.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து குரங்குகள் செட்டியார் வீட்டு மாடியில் இறங்கின. பொன்னுத்தாயி நான்கு அடித்தாள். எட்டு நிமிடத்தில் செம்பூரணியில் நான்கு கேட்டது. தூரத்தில் ஆவிச்சிக்குடியில் நான்கு. பனங்கோட்டை மணி இங்கே கேட்காது. ஆனால் சற்று நேரத்தில் நாலா பக்கமிருந்தும் கம்போடு ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஒரே ஊரில் இத்தனை கம்பைக் குரங்குகள் இதுவரை பார்த்ததில்லை. அவை வற்றலைப் போட்டுவிட்டுக் குன்றைப் பார்த்து ஓடின. படைகளும்தான் இதுவரை ஒன்றையொன்று பார்த்ததில்லை. ஐந்து நாளாக ஒரே பாதையில் ஓடியும் முகம் தெரியாதவர்கள், ஒருவர் காலில் ஒருவர் மோதி விசாரித்துக்கொண்டார்கள்.

பத்து முப்பத்திரண்டுக்கு வாகைப்பட்டி மணி கேட்டது. பொன்னுத்தாயி எழுந்து சுத்தியலைத் தூக்கினாள். செட்டியார் மாடிக் கைப்பிடிச் சுவரில் இருந்து பார்த்தார். அவள் விரல்விட்டு எண்ணினாள்.

“நாலு” என்றாள். “நம்மளுது.” சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கீரையை எடுத்தாள்.

மலையாண்டி அண்ணாந்து பார்த்தார். “திரும்பி வந்துருச்சு செட்டியாரே.”

“முடிஞ்சுதா?”

“அதை நீங்கதான சொல்லணும்.”

செட்டியார் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். “முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்க” என்றார். நாற்பது பேரும் போனார்கள். மணி அடிக்கவில்லை.

கோயம்புத்தூர்க் கடிதத்தை அன்று மாலை அழகி நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த அடுப்படிப் பலகையின் காலுக்குக் கீழே அண்டை கொடுத்தாள். சாவடிச் சுவரில் மலையாண்டி கரிக்கட்டியால் விதியை எழுதினார். அது இவ்வளவுதான்:

குரங்கு வந்த ஊர் தன் எண்ணிக்கையை அடிக்கவும். மற்ற ஊர்கள் கேட்ட எண்ணிக்கையை அப்படியே அடித்து, அந்த எண்ணிக்கைக்குரிய ஊருக்கு ஓடவும். தன் எண்ணிக்கை தன்னிடமே திரும்பி வந்தால் அடிக்க வேண்டாம். தலைவரிடம் சொல்லவும், அவர் முடிப்பார்.